ஹாஸ்டல் நெட்வொர்க்குக்கு காசு எதுல போடுறது: காரிடார் வைஃபையா, ரூமுக்கு ஒயரா, ஜிபானா?

காலேஜ் கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை பாக்குற யார்கிட்ட பேசுனாலும் இப்ப ஒரே கேள்விதான் வருது. ஹாஸ்டல் வைஃபை பழசாயிடுச்சு, பிள்ளைங்க தினம் கம்ப்ளைன்ட், மேனேஜ்மென்ட் ஒருவழியா காசு தரேன்னு சொல்லிட்டாங்க, மூணு வெண்டர் மூணு விதமா (காரிடார்ல வைஃபை, ரூமுக்கு ரூம் ஒயர், ஜிபான்ங்கிற ஃபைபர் லைன்) கொட்டேஷன் குடுத்திருக்காங்க, எத எடுக்குறதுனு. நானும் இந்த வேலைலதான் இருக்கேன், அதனால எனக்கு தெரிஞ்ச வரைக்கும் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், நான் பாக்குறது ரெண்டே விஷயம். இன்னைக்கு போடுற காசுல எது எத்தன வருஷம் நிக்கும், ராத்திரி பத்து மணிக்கு நின்னு போச்சுனா அத யாரு போய் சரி பண்ணுவாங்க. பெட்டி எந்த கம்பெனி, அது வைஃபை 6ஆ வைஃபை 7ஆ, இதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கணக்கு போட வசதியா ஒரு ப்ளாக் வச்சுக்குவோம். மூணு தளம், தளத்துக்கு 40 ரூம், நடுவுல காரிடார், ரெண்டு பக்கமும் இருபது இருபது ரூம், ரூமுக்கு 3 பேர். ஆக 120 ரூம், 360 பேர். ஆளுக்கு ஒரு போன் ஒரு லேப்டாப்னா 720 டிவைஸ். நம்ம ஊரு என்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும், செங்கல் சுவரு, கான்கிரீட் தளம், ரூமுக்குள்ள இரும்பு பீரோ.

முதல் வெண்டர் குடுக்குறது காரிடார் வைஃபை. தளத்துக்கு 5 ஆக்சஸ் பாயின்ட் (ஏபி, அதாவது வைஃபை சிக்னல் தர்ற பெட்டி) காரிடார் சீலிங்ல வரிசையா மாட்டிடலாம், மொத்தம் 15, ரூமுக்குள்ள யாரும் போக வேண்டாம், ஒரு வாரத்துல வேலை முடிஞ்சிடும், விலையும் மூணுலயே கம்மி. கேக்க நல்லா இருக்கும், அதனாலதான் நிறைய இடத்துல இதையே எடுத்துடுறாங்க. ஆனா இதுல அடிப்படைலயே ஒரு கோளாறு இருக்கு, அது என்னன்னா காரிடார்ங்கிறது நீளமா திறந்து கிடக்குற இடம், அங்க மாட்டுன அஞ்சு ஏபியும் ஒண்ணுக்கொண்ணு நல்லா கேக்கும், ஆனா எந்த பிள்ளைக்கு சிக்னல் போகணுமோ அவங்க சுவத்துக்கு அந்த பக்கம் பீரோவுக்கு பின்னாடி உக்காந்திருப்பாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு விழாத சேனல் 1, 6, 11 னு மூணே மூணுதான், அஞ்சு ஏபி ஒரே நேர்கோட்டுல நின்னா ரெண்டு ஏபியாவது இன்னொண்ணோட சேனல்லதான் வரும், ஒண்ணு பேசும்போது இன்னொண்ணு காத்திருக்கணும், வைஃபை அப்படித்தான் வேலை செய்யுது. சரி 5 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் நிறைய இருக்கேனு கேட்டா, இருக்கு, ஆனா அந்த சிக்னலதான் செங்கல் சுவரு இன்னும் அதிகமா தடுக்கும், காரிடார்ல நின்னு ஸ்பீட் டெஸ்ட் போட்டா 300 காட்டும், கட்டில்ல உக்காந்து போட்டா போன் தானா 2.4க்கு இறங்கி தவிக்கும். வெண்டர் டெமோ காட்டும்போது காரிடார்லயே நின்னு காட்டுவாங்க, நீங்க ரூமுக்குள்ள கதவ சாத்திட்டு ஜன்னல் பக்க கட்டில்ல உக்காந்து காட்ட சொல்லுங்க. இது ஒண்ணு பண்ணாலே பாதி முடிவு தெரிஞ்சிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 720 டிவைஸ 15ஆல வகுத்தா ஒரு ஏபிக்கு 48. டேட்டாஷீட்ல 256 கிளையன்ட் தாங்கும், 512 தாங்கும்னு போட்டிருப்பாங்க, அது கனெக்ட் ஆகிக்கிட்டு சும்மா இருக்குற கணக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு நாப்பத்தெட்டுல இருபது பேர் வீடியோ பாத்தா அந்த கணக்கு வேற. சிக்னல் மோசமா இருக்குற ரூம்ல ஒரு போன் மெதுவா பேசிக்கிட்டு இருந்தா அது எடுத்துக்குற நேரம் எல்லாருக்கும் போற நேரம்தான்.

அப்ப ஏபிய ரூமுக்குள்ள கொண்டு போகணும். நாலு ரூமுக்கு ஒண்ணு, காரிடாருக்கு இந்த பக்கம் ஒண்ணு அந்த பக்கம் ஒண்ணுனு மாத்தி மாத்தி. தளத்துக்கு 10, ப்ளாக்குக்கு 30, ஒரு ஏபிக்கு 24 டிவைஸ். எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆகுது, ஆனா நடுத்தர விலை ஏபியே போதும், ஏன்னா அது ஒரு சுவரு தாண்டினா போதும். நடுவுல இருக்குற சுவரே இப்ப நமக்கு உதவி பண்ணும், ஒரு ஏபி சத்தம் இன்னொரு ஏபிக்கு போகாம அதுவே தடுத்துடும். 2.4 ரேடியோவ பாதி ஏபில அணைச்சு வச்சிடலாம், 5ல சேனல் அகலம் 20 இல்லனா 40 மெகாஹெர்ட்ஸ் போதும், 80 வைக்க வேண்டாம், 80 வச்சா ஸ்பீட் டெஸ்ட் அழகா வரும், ஆனா சேனல் தீந்து போய் மறுபடியும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். ரூமுக்குள்ள வச்சா பசங்க கழட்டிடுவாங்கனு வார்டன் சொல்லுவாங்க, பூட்டு வச்ச பிராக்கெட் எல்லா கம்பெனியும் தருது, அந்த ரூம் பசங்கள கூப்பிட்டு இது உங்க நாலு ரூமுக்குமான ஏபினு சொல்லி வச்சா அவங்களே பாத்துக்குவாங்க.

ரெண்டாவது ஆப்ஷன் ரூமுக்கு ஒரு ஒயர் போர்ட். இப்ப வர்ற மெலிசு லேப்டாப்ல நிறையதுல ஒயர் குத்துற ஆர்ஜே45 சாக்கெட்டே இல்ல, போன்ல ஒயர் குத்த முடியாது, அப்புறம் எதுக்கு இந்த செலவுனு ஃபைனான்ஸ் ஆபீசர் கேப்பாங்க, நியாயமான கேள்வி. என் பதில் என்னன்னா, ஆன்லைன் பிளேஸ்மென்ட் டெஸ்ட். கேமரா ஆன்ல இருக்கும், ரெண்டு மணி நேர கோடிங் ரவுண்டு, நடுவுல ஒரு தடவ நெட் விட்டு போச்சுனா சில கம்பெனி சிஸ்டம் திரும்ப உள்ள விடாது. அந்த பிள்ளை நாலு வருஷம் படிச்சது அந்த ரெண்டு மணி நேரத்துல தொங்குது. அந்த நேரத்துல ஒரு யூஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டர் போட்டு ஒயர குத்திட்டா அலைவரிசை பிரச்சனை, சேனல் பிரச்சனை எதுவுமே இல்ல. அடாப்டர் பத்து வாங்கி வார்டன் ஆபீஸ்ல வச்சுட்டா கேக்குறவங்களுக்கு குடுக்கலாம். டெஸ்க்டாப் வச்சிருக்குற எம்டெக், பிஎச்டி ஸ்டூடன்ட்ஸுக்கு சொல்லவே வேண்டாம்.

அடுத்த காரணம், கேபிள் எத்தன வருஷம் நிக்கும்ங்கிறது. ஏபி அஞ்சு ஆறு வருஷத்துல மாத்தணும், ஸ்விட்ச் (எல்லா நெட் ஒயரும் வந்து சேர்ற பெட்டி) ஏழு எட்டு வருஷம் ஓடும், ஆனா ஒழுங்கா பைப்புக்குள்ள இழுத்த கேட் 6 காப்பர் கேபிள் பதினஞ்சு வருஷம் தாராளமா இருக்கும், ஃபைபர் அதுக்கும் மேல. நாலு ரூமுக்கு ஒரு ஏபினு நம்ம முடிவு பண்ணா எப்படியும் ஆள் வந்து பைப் போட்டு ரூமுக்குள்ள ஒயர் இழுக்கப் போறாங்க, அந்த கூலி ஏற்கனவே செலவாகுது, அதே சமயத்துல மீதி மூணு ரூமுக்கும் சேத்து இழுத்துட்டா கூட ஆகுறது கேபிள் விலையும் கொஞ்சம் கூலியும்தான். நாளைக்கு எந்த ரூமுக்கு வேணும்னாலும் ஏபிய மாத்திக்கலாம். அஞ்சு வருஷம் கழிச்சு ரூமுக்கு ஒரு ஏபி வேணும்னு வந்தாலும் சுவத்த உடைக்க வேண்டாம்.

ஸ்விட்ச் எல்லாம் மாட்டுற ரேக் எங்க வைக்குறதுனு யாரும் யோசிக்கிறதில்ல, மாடிப்படிக்கு கீழ காலியா இருக்கு அங்க வைனு சொல்லிடுவாங்க. ஒரு கணக்கு பாருங்க. ஒரு பக்கம் 20 ரூம், ரூம் மூன்றரை மீட்டர் அகலம்னா காரிடார் 70 மீட்டர். ஒரு மூலைல ரேக் வச்சா கடைசி ரூமுக்கு ஏறி இறங்குறதையும் சேத்து 80 மீட்டர் ஆகும், ஈத்தர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர், ரெண்டு முனைலயும் குத்துற சின்ன ஒயர் (பேட்ச் கார்டு) எல்லாம் சேத்துதான் அந்த நூறு, அதனால தாங்கும், ஆனா ஒரு சுத்து அதிகமானா போச்சு. நடுவுல வச்சா கடைசி ரூமே 45 மீட்டர்தான். சராசரியா பாத்தா தளத்துக்கு 1800 மீட்டர் கேபிள் ஆகுற இடத்துல 1100 மீட்டர்ல முடியும், ஒரு பாக்ஸ் 305 மீட்டர், அதாவது தளத்துக்கு ரெண்டு பாக்ஸ் மிச்சம். கூடவே கேட் 6ல 55 மீட்டருக்குள்ள இருந்தா 10 கிகாபிட்டே போகும். நடுவுல ஒரு சின்ன ஸ்டோர் ரூம் கேட்டு சண்ட போட்டாவது வாங்குங்க, மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைங்க, மே மாசம் மாடிப்படிக்கு கீழ மூடி வச்ச ரேக்ல ஸ்விட்ச் என்ன பாடுபடும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

ஸ்விட்ச் வாங்கும்போதும் ஒண்ணு கவனிக்கணும். ரூமுக்கு 40 போர்ட், ஏபிக்கு 10, மொத்தம் 50, ஒரு 48 போர்ட் ஸ்விட்ச் பத்தாது. அதனால ரூம் போர்ட்டுக்கு பிஓஇ (நெட் ஒயர்லயே கரண்டும் அனுப்புறது) இல்லாத சாதா 48 ஒண்ணு, ஏபிக்கு தனியா பிஓஇ 24 ஒண்ணு. எல்லாமே பிஓஇ ஸ்விட்சா கொட்டேஷன்ல வந்தா வேண்டாம்னு சொல்லுங்க, லேப்டாப்புக்கு பிஓஇ எதுக்கு. பிஓஇ ஸ்விட்ச்லயும் 24 போர்ட்னு போட்டிருந்தா 24லயும் முழு பவர் வரும்னு நினைச்சிடாதீங்க, மொத்த பட்ஜெட் 370 வாட்னு இருக்கும், வைஃபை 6 ஏபி ஒண்ணு 20 வாட் இழுத்தா பதினெட்டு ஏபியோட சரி. நமக்கு தளத்துக்கு பத்துதான், போதும், மிச்ச போர்ட்டுல கேமரா போட்டுக்கலாம். ஒயர் போர்ட் குடுத்ததும் யாராவது வீட்டுல இருந்து ஒரு சின்ன ரவுட்டர் கொண்டு வந்து தலைகீழா குத்துவாங்க, அது எல்லாருக்கும் தப்பான ஐபி குடுக்க ஆரம்பிக்கும், தளமே நின்னு போகும். இந்த மாதிரி தப்ப தடுக்குற டிஹெச்சிபி ஸ்னூப்பிங், லூப் ப்ரொடெக்ஷன், பிபிடியு கார்டு மூணும் இருக்குற மேனேஜ்டு ஸ்விட்ச்தான் வாங்கணும், வாங்குனா மட்டும் பத்தாது, முதல் நாளே ஆன் பண்ணணும்.

மூணாவது ஜிபான். இப்ப எல்லா வெண்டரும் இத கொண்டு வர்றாங்க. வீட்டுக்கு வர்ற ஃபைபர் இன்டர்நெட் அதே டெக்னாலஜிதான், பாரத்நெட் முதல் கட்டத்துல கிராம பஞ்சாயத்துக்கு போட்டதும் இதுதான். கம்ப்யூட்டர் சென்டர்ல ஓஎல்டினு ஒரு பெட்டி, அதுல இருந்து ஒரு ஃபைபர் இழை ப்ளாக்குக்கு போகும், அங்க கரண்டே வேண்டாத ஒரு ஸ்ப்ளிட்டர், அது 32ஆ பிரியும், ரூமுக்கு ஒரு ஓஎன்டி, அதாவது ஃபைபர் வந்து முடியுற சின்ன பெட்டி. 120 ரூமுக்கு நாலு ஸ்ப்ளிட்டர் போதும். தளத்துல ஸ்விட்ச் இல்ல, யுபிஎஸ் இல்ல, ரேக் சூடாகுற பிரச்சனை இல்ல, 20 கிலோமீட்டர் வரைக்கும் போகும், இடி மின்னலுக்கும் பயமில்ல. கீழ வர்றது 2.5 கிகாபிட், அத 32 ரூம் பங்கு போட்டா எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தாலும் ரூமுக்கு 78 மெகாபிட், ஹாஸ்டலுக்கு இது நல்லாவே போதும். இதையெல்லாம் மறுக்கவே முடியாது. கூடவே நம்ம ஊருல எந்த டவுன்லயும் ஃபைபர் ஸ்ப்ளைசிங் (இழைய ஒட்டுறது) பண்ண ஆள் கிடைப்பாங்க, கேபிள் டிவி ஆபரேட்டர்கிட்டயே மெஷின் இருக்கு.

அப்புறம் ஏன் ஹாஸ்டலுக்கு நான் இத முதல்ல சொல்லலன்னா, கரண்ட். ரூமுக்கு ரூம் ஓஎன்டி, அதுக்கு ஒரு அடாப்டர், அத சொருக ஒரு பிளக் பாயின்ட், ஹாஸ்டல் ரூம்ல பிளக் பாயின்டுக்கு என்ன அடிதடினு தெரியும்ல, போன் சார்ஜ் போட அத கழட்டிடுவாங்க, அப்புறம் நெட் வரலனு கம்ப்ளைன்ட் போடுவாங்க. 120 ரூம்ல 120 சின்ன பெட்டி, லீவுக்கு போய்ட்டு வந்தா அதுல எத்தன அடாப்டர் இருக்கும்னு எண்ணணும். ஓஎன்டிலயே வைஃபை இருக்கேனு சொல்லுவாங்க, ரூமுக்கு ஒரு வைஃபைனா ஒரே தளத்துல 40 ரேடியோ, அதுங்களுக்குள்ள சேனல் ஒத்துமை பாக்க ஒரு கன்ட்ரோலர் கிடையாது, காரிடார் வழியா நடந்து போனா போன் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு ஒழுங்கா மாறாது. வேற கம்பெனி ஓஎன்டி இந்த ஓஎல்டில ஒழுங்கா வேலை செய்யும்னும் நம்பி இறங்க முடியாது, அஞ்சு வருஷம் கழிச்சு உதிரி வாங்கும்போது அவங்க சொல்றதுதான் விலை.

ஆனா ஜிபான கேம்பஸ விட்டே துரத்தணும்னு சொல்லல. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், கெஸ்ட் ஹவுஸ், மெயின் கேட், தண்ணி டேங்க் பக்கத்துல இருக்குற பம்ப் ஹவுஸ், விளையாட்டு மைதானத்து பெவிலியன், இந்த மாதிரி தள்ளித் தள்ளி ஒண்ணு ரெண்டு கனெக்ஷன் வேணும்ங்கிற இடத்துக்கு இத விட நல்ல வழி இல்ல. அங்க இருக்குறவங்க குடும்பமா இருப்பாங்க, பெட்டிய அவங்களே பாத்துக்குவாங்க. ஒரு எட்டு போர்ட் ஓஎல்டி வாங்கி இந்த இடங்களுக்கு எல்லாம் குடுத்துட்டா சரியான உபயோகம்.

ஆக ஹாஸ்டலுக்கு என் முடிவு, தளத்துக்கு நடுவுல ரேக், ரூமுக்கு ஒரு கேட் 6, நாலு ரூமுக்கு ஒரு ஏபி. காசு பத்தலன்னா கேபிள முழுசா இந்த வருஷமே இழுத்துடுங்க, ஏபிய பாதி வாங்குங்க, அதாவது எட்டு ரூமுக்கு ஒண்ணு, மீதி அடுத்த பட்ஜெட்ல. தலைகீழா மட்டும் பண்ணாதீங்க, ஏபிய முழுசா வாங்கிட்டு கேபிள்ல கைய சுருக்குனா அது திரும்ப வராத காசு.

பணம் எல்லா ப்ளாக்குக்கும் ஒரே நேரத்துல வராதுங்கிறதால எந்த ப்ளாக் முதல்லனும் கேப்பாங்க. லேடீஸ் ஹாஸ்டல் முதல்ல. நிறைய காலேஜ்ல பொண்ணுங்க உள்ள வர்ற நேரம் பசங்கள விட முன்னாடியே முடிஞ்சிடுது. பசங்க நெட் சரியில்லன்னா லைப்ரரிக்கோ லேபுக்கோ போய் பத்து மணி வரைக்கும் உக்காந்துக்கலாம், பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல்ல இருக்குற நெட்டுதான் ஒரே நெட். அந்த நேரம் மாறணும்ங்கிறது தனி விஷயம், அதுக்கும் குரல் குடுக்கணும், ஆனா அது மாறுற வரைக்கும் காத்திருக்காம நம்ம கைல இருக்குறத முதல்ல அங்க செய்யலாம்.

ப்ளாக்குக்கு ப்ளாக் போற லைன பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், சிங்கிள் மோட் ஃபைபர், அவ்ளோதான். மல்டிமோடு ஓஎம்3ல 10 கிகாபிட் 300 மீட்டரோட நின்னுடும், சிங்கிள் மோடுல சாதாரண ஆப்டிக்ஸே 10 கிலோமீட்டர் போகும். கட்டடத்துக்கு கட்டடம் காப்பர் கேபிள் எக்காரணத்தக் கொண்டும் வேண்டாம், ஐப்பசி இடி ஒண்ணு பக்கத்துல விழுந்தா ரெண்டு பக்கமும் ஸ்விட்ச் போயிடும். மரத்துல கட்டி மேலாக போற ஃபைபரும் வேண்டாம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல சென்னைல மரம் விழுந்த இடமெல்லாம் அதோட சேந்து கேபிளும் போச்சு. மண்ணுக்கு அடில பைப், ரெண்டு வழியா சுத்தி வர்ற மாதிரி ரிங், ஒரு பக்கம் ஜேசிபி வெட்டுனா இன்னொரு பக்கம் ஓடும்.

லாகின் விஷயம். பழைய வழி, பிரவுசர் திறந்தா ஒரு பேஜ் வரும், ரோல் நம்பர் பாஸ்வேர்டு போடணும். இது இன்னைக்கு போன்ல தகராறு. ஆண்ட்ராய்டு 10ல இருந்தும் ஐஓஎஸ் 14ல இருந்தும் போன் தன்னோட மேக் அட்ரஸ (போனோட அடையாள நம்பர்) மறைச்சு வேற ஒண்ணு காட்டுது, மேக் வச்சு ஆள ஞாபகம் வச்சிக்கிற சிஸ்டம் எல்லாம் குழம்பி போகுது, திரும்ப திரும்ப லாகின் கேக்குது. 802.1எக்ஸ்ங்கிற லாகின் முறைனா ஒரு தடவ போன்ல செட் பண்ணிட்டா போதும், பின்னாடி பாஸ்வேர்ட சரிபாக்க ஒரு ரேடியஸ் சர்வர், ஃப்ரீரேடியஸ் இலவசமாவே கிடைக்குது. அத பண்ணிட்டா எட்யூரோம் சேர்றதுக்கும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி, இந்தியால அத எர்நெட்ங்கிற கல்வி நெட்வொர்க் நடத்துது, நம்ம ஸ்டூடன்ட் வேற யுனிவர்சிட்டிக்கு கான்பரன்ஸ் போனா அங்க நம்ம ஐடிலயே நெட் வரும், அவங்க இங்க வந்தாலும் அப்படியே. எட்யூரோம் 2002ல ஐரோப்பால ஆரம்பிச்சது. முதல் வாரம் மட்டும் ஹெல்ப் டெஸ்க் போட்டு ஒவ்வொரு போனா செட் பண்ணி குடுக்கணும், சர்டிபிகேட் செக் பண்ண வேண்டாம்னு மட்டும் யாருக்கும் சொல்லிக் குடுக்காதீங்க, அப்புறம் யாரு வேணும்னாலும் நம்ம பேருல போலி வைஃபை வச்சு பாஸ்வேர்டு எடுத்துடலாம்.

இதுல சட்டமும் இருக்கு. 2022 ஏப்ரல் 28 அன்னைக்கு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் வச்சிருக்கணும், பெரிய சம்பவம் நடந்தா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், சர்வர் நேரம் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) இல்லனா என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோட ஒத்துப் போகணும். எல்லாரும் ஒரே பப்ளிக் ஐபி வழியா வெளிய போகும்போது எந்த நேரத்துல எந்த போர்ட்ல யாரு போனாங்கனு லாக் இல்லன்னா நாளைக்கு சைபர் கிரைம் போலீஸ் ஒரு லெட்டர் அனுப்பும்போது பதில் சொல்ல ஒண்ணும் இருக்காது. ஃபயர்வால் வாங்கும்போது இந்த லாக் எங்க போய் சேரும், 180 நாளுக்கு எத்தன டிபி ஆகும்னு சேத்தே கேளுங்க.

வெளிய போற லைனுக்கு வருவோம், இத சீக்கிரம் முடிச்சிடலாம். என்கேஎன் (நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க்) கிடைக்கிற நிறுவனம்னா அத கண்டிப்பா எடுங்க, 2010 மார்ச்ல 5,990 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் குடுத்து என்ஐசி கட்டுன நெட்வொர்க், நம்ம மாதிரி இடத்துக்காகவே கட்டுனது. இந்த நாட்டுல இன்டர்நெட்டே 1986ல ஆரம்பிச்ச எர்நெட் வழியா கல்வி நிறுவனத்துக்குதான் முதல்ல வந்துச்சு, முதல் எட்டு இடத்துல சென்னை ஐஐடியும் ஒண்ணு, இத நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஒரு பெருமை. ஆனா என்கேஎன் மட்டும் வச்சிக்கிட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைங்கள ஓட்டாதீங்க, கூட ஒரு தனியார் லீஸ்டு லைன் வேணும், அது வேற ரோடு வழியா கேம்பஸுக்குள்ள வரணும். ரெண்டு கம்பெனினு பேரு இருக்கும், ரெண்டும் ஒரே பள்ளத்துல படுத்திருக்கும், மேப் வாங்கி பாருங்க. லைன் தர்ற கம்பெனி சென்னைலயே இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச்ல (கம்பெனிங்க டிராஃபிக்க நேரா மாத்திக்கிற இடம்) சேந்திருக்காங்களா, யூடியூப் வீடியோவ பக்கத்துலயே சேத்து வைக்குற கூகுள் கேஷ் அவங்ககிட்ட இருக்கானு கேளுங்க, ஹாஸ்டல் டிராஃபிக்ல பெரும்பகுதி யூடியூப் மாதிரி வீடியோதான், என்பிடெல் வீடியோவும் அங்கதான் இருக்கு.

கடைசியா சர்வர். எல்லாத்தையும் கிளவுட்ல போடுங்கனு ஒரு கூட்டம், எல்லாம் நம்ம ரூம்லயே இருக்கணும்னு இன்னொரு கூட்டம். நான் வேலைய பிரிச்சு பாக்குறேன். மெயில் வெளிய இருக்கட்டும், சொந்தமா மெயில் சர்வர் நடத்தி ஸ்பேம் லிஸ்ட்ல சிக்கி தவிக்க இன்னைக்கு யாருக்கும் நேரமில்ல. ஆனா அதுல இடம் கணக்கு மாறிடுச்சுங்கிறத எல்லாரும் கவனிக்கணும், கூகுள் 2021 பிப்ரவரில அறிவிச்சு 2022 ஜூலைல இருந்து முழு நிறுவனத்துக்கும் சேத்து 100 டிபினு வச்சுடுச்சு, 8,000 பேர் இருக்குற காலேஜ்ல ஆளுக்கு 12.5 ஜிபி. படிச்சு முடிச்சு போனவங்க அக்கவுண்ட்டும் அதுலயே இருந்தா இன்னும் கம்மி. மைக்ரோசாஃப்ட்டும் அதே 100 டிபி வழிக்கு வந்துடுச்சு. அதனால லெக்சர் ரெக்கார்டிங்க டிரைவ்ல கொட்டி வைக்குற பழக்கத்த விட்டுட்டு நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி (நாஸ்) ஒண்ணு கேம்பஸ்லயே வைங்க.

ரிசல்ட் பேஜ், அட்மிஷன் பேஜ் கிளவுட்ல. வருஷத்துல சில நாள் மட்டும் கூட்டம், அந்த நாள் மட்டும் பெருசாக்கி மறுநாள் சுருக்கிக்கலாம், கிளவுட் இதுக்காகத்தான் இருக்கு. மூடுல் (ஆன்லைன் பாட சாஃப்ட்வேர்), அட்டெண்டன்ஸ், லெக்சர் வீடியோ கேம்பஸ்ல. ஏன்னா கிளவுட்ல உள்ள போடுறது இலவசம், வெளிய எடுக்குறது காசு. அமேசானோட கிளவுடான ஏடபிள்யூஎஸ் மும்பைல மாசம் முதல் 100 ஜிபி போக ஒரு ஜிபிக்கு கிட்டத்தட்ட 11 சென்ட். 500 எம்பி வீடியோ ஒண்ண 2,000 பேர் பாத்தா ஒரு டிபி, நூறு டாலருக்கு பக்கம், ஒரே வீடியோவுக்கு. அதே வீடியோ நம்ம ஃபைபர்ல ஹாஸ்டலுக்கு போனா ஒரு பைசா இல்ல, வெளிய லைன் அறுந்து கிடந்தாலும் பாக்கலாம்.

ஏஐ கணக்கு போடுற ஜிபியு வாங்கணும்னு இப்ப எல்லா டிபார்ட்மென்ட்டும் கேக்குது, ஏஐ கோர்ஸ் ஆரம்பிச்சாச்சு. எட்டு ஹெச்100 ஜிபியு இருக்குற என்விடியா டிஜிஎக்ஸ் பெட்டி ஒண்ணு அதிகபட்சம் 10.2 கிலோவாட் இழுக்கும். ஒரு கிலோவாட் இருபத்திநாலு மணி நேரமும் ஓடுனா மாசம் 720 யூனிட், பத்து கிலோவாட்னா 7,200 யூனிட், அது கக்குற சூட்ட வெளிய தள்ள ஏசி தனி. உங்க ஈபி ரேட்ட போட்டு பெருக்கி பாருங்க. அந்த பெட்டி நாள்ல எத்தன மணி நேரம் உண்மையிலயே ஓடும்? பிஜி, பிஎச்டி ஆளுங்க நிறைய இருந்து க்யூ எப்பவும் நிறைஞ்சிருக்கும்னா வாங்கலாம். யூஜி லேப் க்ளாஸுக்குனா 24 ஜிபி மெமரி இருக்குற ஒர்க்ஸ்டேஷன் கார்டு நாலு வாங்கி, ஸ்லர்ம்ங்கிற சாஃப்ட்வேர் போட்டு க்யூல விட்டா அறுபது பிள்ளைங்க லேப் எக்சர்சைஸ் முடிச்சிடும். பெரிய ட்ரெயினிங் ஓட்டணும்னு ஒரு புரொபசர் வந்தா வெளிய நேரம் கேளுங்க, 2022 மே மாசம் திருச்சி என்ஐடில வந்த பரம் பொருள் சூப்பர்கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப்ஸ், நேஷனல் சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன்ல வச்சது. இந்தியாஏஐ மிஷன்லயும் சலுகை விலைல ஜிபியு நேரம் தர்றாங்க. அப்ளிகேஷன் எழுத கொஞ்சம் பொறுமை வேணும், ஆனா கோடி ரூபாய் பெட்டிய வாங்கி ஏசி ரிப்பேருக்கு ஆள் தேடுறத விட அது எவ்வளவோ மேல்.

இவ்வளவுக்கும் நடுவுல கொட்டேஷன்ல எங்கயும் வராத ஒரு வரி இருக்கு, ஆளு. மேல சொன்ன எதையும் பாத்துக்க முழு நேரமா ரெண்டு பேராவது வேணும், ஒருத்தர் லீவுல போனா இன்னொருத்தர். லேப் அசிஸ்டென்ட்ட கூப்பிட்டு சார் அப்படியே நெட்வொர்க்கையும் பாத்துக்கோங்கனு சொல்ற காலேஜ் இன்னமும் இருக்கு, அந்த மனுஷன் பகல் முழுக்க லேப், ராத்திரி முழுக்க ஹாஸ்டல் போன் காலுனு கிடக்குறாரு. மூணு வருஷ லைசென்ஸ்னு ஏபிக்கு குடுக்குற காசு ஒரு ஆளோட சம்பளத்துக்கு பக்கத்துல வரும் சில நேரம், லைசென்ஸ் முடிஞ்சா ஏபி வேலை செய்யுமா நின்னுடுமானு எழுத்துல வாங்குங்க, நின்னுடும்னா வேண்டாம், லைசென்ஸ் இல்லாம ஓடுற ஏபி வாங்கிட்டு மிச்ச காச ஆளுக்கு குடுங்க.

டெண்டர்ல ரெண்டு விஷயம் மறக்காம போடுங்க. கேபிள் முழு காப்பர்னு எழுதுங்க, அலுமினியத்து மேல காப்பர் பூசுன கேட் 6 மார்க்கெட்ல நிறைய சுத்துது, பாக்ஸ தூக்குனாலே லேசா இருக்கும், நுனிய கத்தியால சுரண்டுனா உள்ள வெள்ளையா தெரியும், அதுல பிஓஇ குடுத்தா சூடாகும், ஏபி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் கடைசி இருபது சதவீத பணம், எல்லா போர்ட்டுக்கும் ஃப்ளூக் டெஸ்ட் (கேபிள் சரியா இருக்கானு மெஷின்ல அளக்குறது) ரிப்போர்ட்டும், எந்த கேபிள் எந்த வழியா போகுதுனு வரைபடமும் கைக்கு வந்த அப்புறம்தான். 120 ரூம்ல ஒரு போர்ட் ஃபெயில்னு இருந்தாலும் அந்த கேபிள மாத்தி இழுத்து மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு பில்லுல கையெழுத்து போடுங்க, ஜூலைல பிள்ளைங்க வந்து ரூம் நிறைஞ்ச அப்புறம் அந்த ஒரு கேபிள மாத்த யாரும் திரும்பி வர மாட்டாங்க.